ஊதாப்பூவும் மூன்றாவது கேள்வியும்

சுப்புராயனுக்கு வாழ்க்கையில் இருந்தது ஒரே ஒரு பெருமை. புளியந்தாங்கலில் யார் வீட்டுப் பிள்ளையாரும் அவன் வீட்டுப் பிள்ளையார் மாதிரி இருக்க மாட்டார். எருக்கம்பூ மாலையும் அருகம்புல்லும் ஊருக்கெல்லாம் பொது. சுப்புராயன் அதோடு நிறுத்துகிற ஆளில்லை. ஒரு வருஷம் மயிலிறகு வைத்தான். இன்னொரு வருஷம் கல்வராயன் மலையிலிருந்து பேர் தெரியாத சிவப்புக் காய்க் குலை ஒன்றைக் கொண்டுவந்து பிள்ளையாரின் தலைக்கு மேல் தொங்கவிட்டான். எண்பத்தேழாம் வருஷம் ஊதாப்பூ.

அந்தப் பூ வந்த கதை இது. இடஒதுக்கீடு கேட்டு அந்த ஆவணியில் விழுப்புரம் பக்கம் ஒரு கூட்டம் நடந்தது. ஊரிலிருந்து லாரி போட்டுக்கொண்டு போனார்கள். சுப்புராயனும் போய்த் தொண்டை கட்டுகிற வரைக்கும் கோஷம் போட்டான். திரும்பும்போது வழியில் கொழுந்தியாள் கண்ணகி வீட்டில் இறங்கி ஒருவேளைச் சோறு சாப்பிட்டான். கை கழுவ ஏரிக்கரைக்குப் போனவன் வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டான். கரையிலிருந்து கரைவரை ஊதாப்பூ. மூளையுள்ளவனாக இருந்தால், இவ்வளவு பெரிய ஏரியில் தண்ணீர் எங்கே போயிற்று என்று கேட்டிருப்பான். சுப்புராயன், பிள்ளையாருக்கு மூன்று குத்து எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டான்.

“மூணு இன்னா மாமா, முன்னூறு எடுத்துக்கினு போங்க. மொத்தத்தையும் எடுத்துக்கினு போனாலும் நல்லா இருப்பீங்க” என்றாள் கண்ணகி.

அவள் வயிறெரிந்து சொன்னாள். இவன் தாராள மனசு என்று எடுத்துக்கொண்டான்.

ஈரச் சாக்கில் சுற்றி வந்த மூன்று குத்தும் பிள்ளையாருக்கு இரண்டு பக்கமும் பின்னாலும் நின்றன. பார்த்தவர்களெல்லாம் மெச்சினார்கள். மூன்றாம் நாள் பிள்ளையாரை ஏரியில் கரைக்கப் போனான். ஊர் வழக்கப்படி களிமண் மட்டும்தான் தண்ணீருக்குள் போகலாம். மாலை, பூ, குடை எல்லாம் கரையோடு சரி. ஆனால் அந்தச் செடிகளைப் பார்த்தால் அவனுக்குப் பாவமாக இருந்தது. வேரும் இலையுமாக உயிரோடு இருக்கிறதைக் கரையில் எறிய மனசு வரவில்லை. சுற்றிமுற்றிப் பார்த்துவிட்டுத் தண்ணீரில் விட்டான். பிள்ளையார் கரைந்தார். செடி மிதந்தது.

இருபது நாள் கழித்து, புரட்டாசி பிறந்த மறுநாள், எருமை கழுவ வந்த அவன் பெண்டாட்டி அமிர்தம் மதகுக்குப் பக்கத்தில் அதைப் பார்த்தாள். எருமை வாலை அப்படியே விட்டுவிட்டு எண்ணினாள். பதினொன்று. இரண்டில் பூ வேறு.

அமிர்தத்துக்கு அந்தச் செடியை நன்றாகத் தெரியும். பிள்ளையாருக்கு வைத்தபோது, வழக்கம்போலக் கரையோடு போய்விடும் என்றுதான் சும்மா இருந்தாள். தங்கச்சி ஊரில் அதற்கு வெங்காயத்தாமரை என்று பேர். தண்டு வெங்காயம் மாதிரி உப்பியிருக்கும். முதல் வருஷம் அந்த ஊர்ப் பெண்கள் அதைத் தலையில் வைத்துக்கொண்டார்கள். இரண்டாம் வருஷம் ஆண்கள் அரிவாளோடு இறங்கி வெட்டினார்கள். வெட்டின ஒவ்வொரு துண்டும் ஒரு செடியானது. மூன்றாம் வருஷம் மதகு அடைத்துக்கொண்டு கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை. கண்ணகியின் நிலம் கடைமடை. இப்போது கண்ணகி செங்கல் சூளைக்குப் போகிறாள்.

அமிர்தத்தின் முக்கால் ஏக்கரும் கடைமடைதான். நாற்று விட்டு, சம்பா நடவுக்குக் காத்திருந்தது.

வீட்டுக்கு ஓடிவந்தாள்.

“யோவ், புள்ளையாருக்கு வெச்சியே ஒரு பூவு, அத இன்னா பண்ண?”

“ஏரியில வுட்டேன். உசுரோட இருந்துச்சி, பாவம்.”

“எத்தினி?”

“மூணு.”

“இப்ப பதினொண்ணு இருக்குது.”

சுப்புராயன் முகம் மலர்ந்தது. “நம்ம கை ராசி அப்பிடி!”

அவள் கையில் இருந்த சொம்பு அவன் தலைக்கு ஒரு விரல்கடை மேலே பறந்து சுவரில் பட்டது. பிறகுதான் அவள் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் முகம் சுருங்கியது. காரணம், புளியந்தாங்கலில் ஏரிக்கு ஒரு சட்டம் உண்டு. ஏரியில் எதையாவது கொண்டுபோய்ப் போட்டவனுக்கும், ஏரியிலிருந்து எதையாவது சொல்லாமல் எடுத்தவனுக்கும் அந்தப் போகத்துக்கு முறைத்தண்ணீர் கிடையாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் செல்லமுத்து மீன் பிடிக்கப் பூச்சிமருந்து ஊற்றி மாட்டிக்கொண்டான். கெஞ்சினான், காலில் விழுந்தான். அந்த வருஷம் அவன் அறுத்தது வைக்கோல் மட்டும்தான்.

ஆக, செடியைக் கொண்டுவந்தது யாரென்று தெரிந்தால் இந்த வருஷம் தண்ணீர் போச்சு. செடியை அப்படியே விட்டால் அடுத்த வருஷத்திலிருந்து எல்லா வருஷமும் தண்ணீர் போச்சு. 

“நீ போய் எருமையக் கழுவுற மாதிரி கழுவிக்கினே, ஒண்ணு வுடாம எடுத்துக்கினு வா” என்றாள்.

போனான். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி இரண்டைப் பிடுங்கியும் விட்டான். அப்போது மேலே மதகிலிருந்து ஒரு குரல் கேட்டது.

“இன்னா சுப்புராயா, எருமை கரையில நிக்குது, நீ தண்ணில நிக்கிற?”

கண்ணாயிரம். ஊருக்கு நீர்க்கட்டி. யாருக்கு எந்த முறையில் எவ்வளவு நேரம் மடை திறக்க வேண்டும் என்பது அவர் தலைக்குள்தான் இருக்கிறது. மதகுக்கட்டையில் குந்திக்கொண்டு பீடி பிடிப்பது அவருக்கு உத்தியோகத்தில் பாதி. சுப்புராயன் பயத்தில் கையிலிருந்த இரண்டையும் தண்ணீரிலேயே விட்டுவிட்டு, “சும்மா குளிக்கலாம்னு” என்று முனகிக்கொண்டு, எருமையையும் மறந்து வீடு வந்து சேர்ந்தான். எருமை தானாக வந்தது.

அடுத்த நாளே ஊர் முழுக்க அந்தச் செடியைப் பார்த்துவிட்டது. பார்க்காமல் என்ன செய்யும்? ஊரில் ஒருவருக்கும் வேலையில்லை. அதே இடஒதுக்கீட்டுக்காகச் சாலைமறியல் தொடங்கியிருந்தது. கள்ளக்குறிச்சி சாலையில் நின்ற பெரிய புளியமரத்தை அன்புச்செல்வனும் அவன் ஆட்களும் வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, தபால் இல்லை. விழுப்புரம் பக்கம் துப்பாக்கிச் சூடு நடந்தது, ஆட்கள் செத்தார்கள் என்று சேதி வந்தபோது ஊரே ஒருவேளை அடுப்பு மூட்டாமல் கிடந்தது. மற்ற நேரமெல்லாம் மரத்தைக் காவல் காப்பது, ஏரிக்கரையில் நடப்பது, மறுபடி மரத்தைக் காவல் காப்பது. அப்படி நடந்தவர்கள் கண்ணில் ஊதாப்பூ படாமல் இருக்குமா? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஏரிக்கரையில் ஊர்க்கூட்டம் என்று நாட்டாமை தீனதயாளன் சொல்லியனுப்பினார்.

ஞாயிறு காலையில் அமிர்தம், வாங்கின சல்லடையைத் திருப்பிக் கொடுக்க நாட்டாமை வீட்டுக்குப் போனாள். கொல்லையில் மாடு தண்ணீர் குடிக்கிற சிமெண்டுத் தொட்டி. தொட்டியில் ஐந்து செடி. நடுவில் நெட்டுக்குத்தாக ஓர் ஊதாப்பூ.

நாட்டாமை பெண்டாட்டி ராணியம்மாள் பெருமையாகச் சிரித்தாள். “அழகா இருக்குதில்ல? ஏரியில மொளச்சிருக்குதுன்னு அவுருதான் ஒண்ணு எடுத்தாந்தாரு. பத்து நாள்ல அஞ்சாச்சி. இன்னும் ரெண்டு மூணு வந்தா எடுத்து வாய்க்கால்ல வுட்டுடலாம், நம்ம நெலத்துப் பக்கம் போயி மொளச்சிக்கும்.”

“வாணாங்க்கா!” என்று அமிர்தம் கத்தியே விட்டாள். ராணியம்மாள் திரும்பிப் பார்த்ததும், “மாடு மொறைக்குது, கிட்டப் போவாதீங்க” என்று எதையோ உளறிவிட்டு வெளியே வந்தாள். ராணியம்மாள் நல்லவள். போன பஞ்சத்தில் அமிர்தத்துக்கு விதைநெல் அளந்து கொடுத்தவள். அந்தத் தொட்டிக்குள் கிடப்பது என்ன என்று அவளிடம் சொல்ல அமிர்தத்துக்கு நாக்கு துடித்தது. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால்? தங்கச்சி ஊர் என்று சொல்ல வேண்டும். தங்கச்சி ஊருக்குக் கடைசியாகப் போனது யார் என்று அடுத்த கேள்வி வரும். லாரியில் போன நாற்பது பேருக்கும் தெரியும், சுப்புராயன் எங்கே இறங்கினான் என்று.

கூட்டம் கன்னிமார் கல்லுக்கு முன்னால் கூடியது. ஏரிக்கரையில் வரிசையாக நட்ட ஏழு கல். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஏழும் ஏரியைப் பார்த்து நிற்கும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம்.

தீனதயாளன் தொண்டையைக் கனைத்தார். அவருக்கு மனு எழுதுவதில் தீராத பிரியம். “அதிகாரிங்களுக்கு மனு எழுதியிருக்கேன். மூணு காப்பி. அவுங்க வந்து பாத்து, இது இன்னா செடின்னு சொல்லி, உத்தரவு போட்டா, அதும்படி செய்யலாம்.”

“மனு எப்பிடிங்க போவும்? பஸ்ஸே ஓடல” என்றார் கண்ணாயிரம்.

“யாராச்சும் நடந்து எடுத்துக்கினு போவட்டும்.”

“நடந்து போனா நம்ம மரத்துக்கிட்ட நம்ம பசங்களே மறிப்பானுங்களே. எவனையும் வுடக் கூடாதுன்னு உத்தரவு.”

கூட்டம் சிரித்தது. செல்லமுத்து எழுந்து, அது கிடந்துவிட்டுப் போகட்டும், நிழலில் மீன் கொழுக்கும் என்றான். மீன் பேச்சை அவன் எடுத்ததும் எல்லோரும் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். உட்கார்ந்துவிட்டான். பிறகு அன்புச்செல்வன் எழுந்தான். புளியமரம் சாய்ந்த நாளிலிருந்து அவன் நடையே வேறு.

“எவ்ளோ பெரிய மரத்தப் பத்து நிமிசத்துல சாய்ச்சோம். இது இன்னா, கீரைத்தண்டு. நாளைக்கிக் காலையில இருவது பேரு அரிவாளோட எறங்குறோம். பொடிப்பொடியா வெட்டித் தண்ணியிலயே வுட்டா அழுவிப் போயிடும். எரு!”

“சபாஷ்” என்றார்கள். கை தட்டினார்கள். தீனதயாளனும் மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சரி, அப்படியே செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். தீர்மானம் முடிந்தது.

பொடிப்பொடியாக. இருபது பேர். அமிர்தத்துக்குக் கண் முன்னால் கண்ணகியின் ஏரி வந்து நின்றது. ஆண்கள் பக்கம் பார்த்தாள். சுப்புராயன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனால் ஒரு உபயோகமும் இல்லை. ஒரு பொம்பளை எழுந்து, இப்படிச் செய்யாதே, அப்படிச் செய் என்று சொன்னால் இந்தக் கூட்டம் கேட்குமா? கேட்காது. அமிர்தம் சொன்னால் கேட்காது. யார் சொன்னால் கேட்கும்?

ஏழு கல்லையும் ஒருமுறை பார்த்தாள். ‘தாயே, மன்னிச்சிக்கோ. ஒன் ஏரிக்காகத்தான்’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். கொண்டையை அவிழ்த்தாள்.

“டேய்ய்ய்!”

ஒருவன் துண்டைக் கீழே போட்டான். அமிர்தம் தலைமுடியை முன்னும் பின்னும் வீசிக்கொண்டு கூட்டத்தின் நடுவே வந்து நின்றாள். முப்பத்தெட்டு வயதில் அவளுக்கு ஒரு நாளும் சாமி வந்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரிக்கு ஆடிக்கு ஆடி வரும்; எப்படி ஆடுவது, எப்படிப் பல்லைக் கடிப்பது என்பதெல்லாம் பதினைந்து வருஷமாகப் பார்த்து மனப்பாடம். ஓடிப்போய் யாரோ வேப்பிலையைக் கையில் கொடுத்தார்கள். வேறொருத்தி மஞ்சள் தண்ணீரை ஊற்றினாள். தண்ணீர் ஜில்லென்று இருந்ததால் நடுக்கம் தானாகவே வந்தது.

புளியந்தாங்கலில் சாமி வந்தால் நாட்டாமைதான் கேட்க வேண்டும். மூன்றே கேள்வி. தீனதயாளன் செருப்பைக் கழற்றிவிட்டு, கை கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

“யாரும்மா வந்திருக்கிறது?”

“கன்னிமாருடா! நடுவுல நிக்கிறவ!”

“இன்னா கொறை தாயி?”

“எந் தண்ணி மேல அரிவா படுமா? பட்டா வுடுவனா? வெட்டுனா ஒண்ணு பத்தாவும்டா! வேரோட எடு! கூடையில அள்ளு! ஒரு எலை, ஒரு வேரு தண்ணியில நிக்கக் கூடாது. கரையில கொட்டாத, மழ வந்தா மறுபடி உள்ள வரும். களத்துமேட்டுக்கு எடுத்துக்கினு போ. ஏழு நாளு வெயில்ல கெடக்கட்டும். சருகானதும் கொளுத்து. எருக்குழியில போடாத. வாய்க்கால்ல வுடாத. எவளும் தலையில வெக்காத!”

“சாமி வெவசாய ஆபீசரு கணக்கா வெவரமா சொல்லுது” என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள்.

“மலைத்தண்ணிய ஆயிரம் வருசமாப் பாக்குது, அதுக்குத் தெரியாதா? வாய மூடு” என்று அதட்டினார் கண்ணாயிரம். அவர் முகத்தில் பக்தி கொஞ்சம் ஜாஸ்தியாகவே தெரிந்தது.

அன்புச்செல்வன் அரிவாளைத் தரையில் வைத்துக் கும்பிட்டான். அமிர்தத்துக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். இவ்வளவு சுலபம் என்று தெரிந்திருந்தால் எப்போதோ ஆடியிருக்கலாம்! இனி மெதுவாகக் கண்ணை மூடிச் சாய வேண்டியதுதான். அப்போதுதான் ஞாபகம் வந்தது, இன்னும் ஒரு கேள்வி பாக்கி.

தீனதயாளன் கேட்டார். “இத யாரு செஞ்சது தாயி? ஏரிக்குள்ள இந்தக் கருமத்தக் கொண்டாந்த பாவி யாரு?”

அமிர்தம் ஆடிக்கொண்டே இருந்தாள். ஆட்டத்தை நிறுத்தினால் பதில் சொல்ல வேண்டும். தெரியாது என்று சொல்லும் சாமி உண்டா? பொய் சொல்லலாம், ஆனால் ஏழு கல்லும் பின்னால் நிற்கிறது. வேஷம் போட்டதையாவது நடுக்கன்னி பொறுத்துக்கொள்வாள், அவள் பேரில் பொய் சொன்னால் பொறுப்பாளா? அமிர்தத்துக்குச் சாமி பயம் உண்டு, நிஜமாகவே உண்டு. மூன்று சுற்றுச் சுற்றினாள். பொய்யில்லாத ஒரு பதில் வேண்டும். சட்டென்று ஒன்று கிடைத்தது.

“என்னையே கேக்குறியா? கேக்குறவன் வூட்டுத் தொட்டியில போயிப் பாருடா!”

தீனதயாளன் முகத்தில் ரத்தம் இல்லை. “அது... அது மாடு தண்ணி குடிக்கிற தொட்டி தாயி...”

அதற்குள் நாலு பேர் ஓடியிருந்தார்கள். ஐந்து செடியையும் ஒரு கூடையில் ஏந்திக்கொண்டு வந்து நடுவில் வைத்தார்கள். பூ இன்னும் நிமிர்ந்தே இருந்தது. கூட்டத்தில் இரைச்சல் கிளம்பியது.

“நாட்டாமையா கொண்டாந்தாரு!” என்று அன்புச்செல்வன் துள்ளினான். மரம் வெட்டின அன்று கோடாலி கேட்டதற்கு நாட்டாமை இல்லையென்று சொன்ன கடுப்பு அவனுக்கு. “சட்டம்னா எல்லாருக்கும் சட்டம். செல்லமுத்துக்கு ஒரு ஞாயம், நாட்டாமைக்கு ஒரு ஞாயமா? மடைய அடைங்க!”

“நான் கொண்டாரல! ஏரியில இருந்தத ஒண்ணே ஒண்ணுதான் எடுத்தேன்!”

“இப்ப அஞ்சி இருக்குது! சாமி பொய் சொல்லுமா?”

இங்கேதான் அமிர்தம் தப்பித்துப் போயிருக்கலாம். செடி வெளியே வந்துவிடும். அவள் தண்ணீருக்கு ஆபத்தில்லை. இன்னும் சொல்லப்போனால், தலைமடையிலே இருக்கிற நாட்டாமைக்கு முறை போனால், மிச்சத் தண்ணீர் கடைமடைக்குத்தான் வரும். நாலு அடி பின்னால் போய்ச் சாய்ந்தால் போதும். ஆனால் சாய்கிற இடம் பார்க்கக் கண்ணைத் திறந்தவள், பெண்கள் பக்கம் ராணியம்மாளைப் பார்த்தாள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். காலையில் அவ்வளவு ஆசையாகக் காட்டிய முகம். விதைநெல்லைத் தலைதட்டாமல் கும்பாரமாக அளந்த கை. அமிர்தத்துக்கு வெட்கமாகப் போயிற்று. சாமி வேஷத்தில் நின்றுகொண்டு இப்படி ஒரு வேலையா என்று அவளுக்கே அவளைப் பிடிக்கவில்லை.

“நிறுத்துடா!” என்று போட்ட சத்தத்தில் அவள் தொண்டையே கிழிந்தது. “இருக்கிற எடத்தத்தான் சொன்னேன். கொண்டாந்தவன் வேற!”

“யாரு தாயி?” நாட்டாமை அழாத குறையாகக் கேட்டார். இது நான்காவது கேள்வி என்று யாரும் ஆட்சேபிக்கவில்லை.

“இதோ, இந்த ஒடம்புக்குத் தாலி கட்டுனவன்!”

கூட்டம் சுப்புராயன் பக்கம் திரும்பியது.  கட்டின பெண்டாட்டி நாற்பது வீட்டுக்கு முன்னால் காட்டிக்கொடுக்கிறாளே என்று கோபப்படக்கூட அவனால் முடியவில்லை. சாமியை எப்படிக் கோபிப்பது? நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டான். “புள்ளையாருக்குத்தான் கொண்டாந்தேன் தாயி. பாவம்னு தண்ணில வுட்டேன்.”

“அப்ப சுப்புராயன் மொறைய அடைங்க” என்றான் செல்லமுத்து. அவனுக்கு அடி விழுந்த இடம், மறக்குமா?

அமிர்தம் அவன் வாக்கியம் முடிவதற்குள் பாய்ந்தாள். காட்டிக்கொடுத்ததும் சாமிதான் என்றால் தண்டனை சொல்வதும் சாமிதானே? “எந் தண்ணிய அடைக்க நீ யாருடா? பயிரு இன்னா பாவம் பண்ணுச்சி? தண்ணி அது பாட்டுக்குப் போவட்டும். போட்டவனும் எடுத்தவனும், ரெண்டு பேரும், தை பொறக்கிற வரைக்கும் தெனம் காலையில ஏரியச் சுத்தி வரணும். தண்ணிக்குள்ள எறங்கி, கோரைக்குள்ள கைய வுட்டுத் தேடணும். ஒரு துளிரு இருந்தா எடுக்கணும். எடுக்காம ஒண்ணு பூத்துச்சி, அப்ப நானே அடைப்பேன்!”

 நாட்டாமை, தன் முறை தப்பியதே பெரிது என்று தலையாட்டினார். எல்லோரும் கண்ணாயிரத்தைப் பார்த்தார்கள். மடையை அடைக்கிறவர் அவர்தான்.

கண்ணாயிரம் அமிர்தத்தை மேலும் கீழுமாகப் பார்த்தார். “சாமி சொல்லிடுச்சி. நான் யாரு மாத்துறதுக்கு? ஆனா மலை ஏத்தணுமே.” மடியிலிருந்து கற்பூரத்தை எடுத்தார். சுண்டைக்காய் அளவு போதும். இவர் எடுத்தது எலுமிச்சங்காயில் பாதி. “பெரிய சாமியாச்சே” என்று பணிவாகச் சொல்லிக்கொண்டே, வெற்றிலையில் வைத்துக் கொளுத்தி நீட்டினார்.

பக்கத்து வீட்டுக்காரி எப்படி நாக்கு சுடாமல் இதை விழுங்குகிறாள் என்பதை மட்டும் அமிர்தம் பதினைந்து வருஷத்தில் கவனித்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டாள். அவள் கீழே விழுந்தது நடிப்பில்லை.

அன்று மத்தியானமே இளவட்டங்கள் கூடையோடு ஏரியில் இறங்கினார்கள். இருபத்தாறு செடி, பிள்ளையும் குட்டியுமாக. ராணியம்மாள் தொட்டித் தண்ணீரையே துணியில் வடிகட்டினாள். வேர்த்துணுக்குக்காகத் தண்ணீரைக் கையால் துழாவினார்கள். எல்லாம் களத்துமேட்டுக்குப் போயின. அந்த மத்தியானம் சாலையில் கிடந்த புளியமரத்துக்குக் காவலே இல்லை. நல்லவேளையாக அந்த நேரத்தில் யாரும் வரவில்லை. மறியல் முடிந்தது. ஏழாம் நாள், மரத்தை அறுத்து ஓரம் கட்டிய அதே நாளில், களத்துமேட்டில் சருகைக் கொளுத்தினார்கள். நல்ல புகை.

அதற்குப் பிறகு தினமும் காலையில் புளியந்தாங்கல் ஒரு காட்சியைப் பார்த்தது. முன்னால் நாட்டாமை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. பின்னால் சுப்புராயன், கூடையோடு. முதல் வாரம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. இரண்டாம் வாரம் நாட்டாமை அட்டை கடித்ததற்கு சுப்புராயன் சுண்ணாம்பு தடவினான். கார்த்திகையில் அவர்கள் சிரிக்கிற சத்தம் கரைவரை கேட்டது. ஐப்பசியில் எட்டுத் துளிர், கார்த்திகையில் மூன்று, மார்கழியில் ஒன்றுமில்லை.

அமிர்தத்துக்குத்தான் கஷ்டகாலம். காணாமல் போன கோழியிலிருந்து வராத மாப்பிள்ளை வரை எல்லாவற்றுக்கும் அவளிடம் கேட்க ஆள் வந்தது. நடுக்கன்னி மலைக்குப் போயிருக்கிறாள், எப்போது வருவாள் என்று தெரியாது என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டது.

அந்த வருஷம் மழை கம்மி. மார்கழிக் கடைசியில் கதிர் பால் பிடிக்கிற நேரம் வயல் வெடிக்கத் தொடங்கியது. இந்த ஒரு முறை தண்ணீர் வந்தால்தான் நெல், இல்லாவிட்டால் செல்லமுத்து மாதிரி வைக்கோல். விடிந்ததும் அமிர்தம் மண்வெட்டியோடு வரப்பில் போய் நின்றாள். வாய்க்கால் காய்ந்து கிடந்தது. வெகுநேரம் கழித்து ஒரு சலசலப்பு. சருகைத் தள்ளிக்கொண்டு, மெதுவாக, தண்ணீர் வந்தது. மடைவாயில் தயங்கி நின்று, பிறகு வயலுக்குள் நுழைந்தது. அமிர்தம் உட்கார்ந்து இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் போட்டுக்கொண்டாள். அழுகை வந்துவிட்டது.

தண்ணீரோடு கூடவே வரப்பில் நடந்துவந்தார் கண்ணாயிரம். பீடியைப் பற்றவைத்தார்.

“அன்னிக்கிக் கற்பூரம் சுட்டுச்சா தங்கச்சி?”

அமிர்தம் அவர் முகத்தைப் பார்த்தாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? “ரெண்டு நாளு கொழம்பு ஊத்திக்க முடியலண்ணா. வேணும்னேதான அவ்ளோ பெருசு வெச்ச?”

“இல்லியா பின்ன? புள்ளையாரக் கரைச்ச அன்னிக்கி நான் மதகு மேலதான் குந்திக்கினு இருந்தேன். ஒம் புருசன் சுத்திமுத்திப் பாத்தானே, மேல பாக்கல.”

 “மொதல்லயே தெரியுமா ஒனக்கு? பின்ன ஏண்ணா வாயத் தொறக்கல? ஏரியே போயிருக்குமே!”

கண்ணாயிரம் கதிர்களைப் பார்த்தார். “சொன்னா ஒம் மடைய நான்தான் அடைக்கணும். செல்லமுத்து மடைய அடைச்ச கையி இது. அவன் பொண்டாட்டி அந்த வருசம் முழுக்க எதுத்தாப்புல வந்தா தலையக் குனிஞ்சிக்கினு போச்சி. இன்னொரு வாட்டி என்னால ஆவாது. ஒம் புருசன் எடுக்க வந்த அன்னிக்கி சும்மா பேச்சுக் குடுத்தேன், பயந்துக்கினு ஓடிட்டான். தெனம் மதகு மேல குந்திக்கினு அது ஒண்ணு ரெண்டாவுறதப் பாத்துக்கினே இருந்தேன், எனக்கும் ஒரு சாமி வராதான்னு. எனக்கு எங்க வருது.”

அமிர்தம் எழுந்தாள். மண்வெட்டியால் மடைவாயை இன்னும் கொஞ்சம் அகலமாக வெட்டிவிட்டாள். வாய்க்காலில் பச்சையாக ஏதோ மிதந்து வந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். கண்ணாயிரம் முழங்கால்வரை சேற்றில் இறங்கிவிட்டார். அமிர்தம்தான் பிடித்தாள். கையை விரித்துப் பார்த்தாள்.

ஆலிலை.

“வுடு, அது நம்ம ஊரு எலைதான்” என்றார் கண்ணாயிரம். அவள் விட்டாள். இலை வயலுக்குள் போயிற்று.